ஆரணியும் பூகோள மாணவனின் எழுத்தும்

காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி நோக்கிச் செல்லும் சாலையில், பாலாற்றைத் தாண்டியபின், மாமண்டூர்ப் பேரேரியின் அருகாமையில் தூசி என்றொரு கிராமம் உண்டு. அவ்வழியே பஸ்ஸில் போகிறவர்கள் அதை ஒரு நிறுத்தமாக மட்டுமே அறிவார்கள். ஆனால் நம் நாட்டுக் கிராமங்களை நேரில் கண்டு, விசாரித்து, கணக்கெடுத்து, முறைப்படி எழுதிவைத்த ஆராய்ச்சிகளின் சரித்திரத்தில் தூசிக்கு நிலையான ஓர் இடம் இருக்கிறது. 1915-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்து சேர்ந்த கில்பர்ட் ஸ்லேட்டர், விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணாக்கர் கையில் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்து, தாங்கள் அறிந்த கிராமத்தையே ஆராய்ந்து எழுதி வரும்படி தூண்டினார். அவ்விதம் சேர்ந்த கட்டுரைகள் 1918-ல் ‘சில தென்னிந்திய கிராமங்கள்’ என்ற பெயரில் ஆங்கில நூலாக வெளிவந்தன. அதில் விவரிக்கப்பட்ட கிராமங்களுள் தூசியும் ஒன்று. இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே கிராமங்களை மறுபடி ஆராய்வித்து 1940-ல் இரண்டாம் நூலை வெளியிட்டனர். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த எஸ். குகனும் கே. பரதனும் மீண்டும் தூசிக்குச் சென்று, என்னென்ன மாறின, என்னென்ன மாறாதிருக்கின்றன என்று எழுதினார்கள்.

ஒரு மாணவன் விடுமுறையில் எழுதிய குறிப்பை இரண்டு தலைமுறைக்குப் பின் வந்த அறிஞர்கள் அடிப்படையாகக் கொள்ள முடிந்தது எதனால்? நடையழகினால் அன்று, அவன் கூறிய அபிப்பிராயங்களின் ஆழத்தினாலும் அன்று. எந்த ஊர், எந்த ஆண்டு, எத்தனை குடும்பம், யாரிடம் எவ்வளவு நிலம், கூலி தானியமாகவா பணமாகவா என்று தான் கண்டதைக் கண்டபடி, அளவோடும் தேதியோடும் எழுதிவைத்தமையால் முடிந்தது. பூகோள சாஸ்திரம் பயிலும் மாணவனின் கட்டுரையும் அறிக்கையும் ஆய்வேடும் அடைய வேண்டிய முதன்மையான குணம், பின்னால் வருகிற ஒருவர் அதே இடத்துக்குப் போய் நின்று சரிபார்க்கத்தக்கதாய் இருத்தலே என்பது என் உறுதியான எண்ணம். இந்த எண்ணத்தை விளக்குவதற்குப் பழைய வட ஆர்க்காடு ஜில்லாவைக் காட்டிலும் பொருத்தமான பிரதேசம் தமிழ்நாட்டில் இல்லை. அந்த ஜில்லாவுக்குள்ளும் ஆரணியைப் போன்ற ஊர் வேறில்லை.

ஆரணியைப் பட்டுச் சேலையின் பெயரால் எல்லோரும் அறிவார்கள். சவ்வாது மலைப் பக்கத்தில் உற்பத்தியாகிச் செய்யாற்றில் சென்று கலக்கும் கமண்டல நாகநதியின் கரையில், வட அட்சம் 12 பாகை 40 கலைக்கும் கிழக்குத் தீர்க்கம் 79 பாகை 17 கலைக்கும் அருகில் அமைந்த ஊர் அது. இந்திய நில அளவைத் துறையின் பழைய வரிசைத் தாள்களில் 57 பி/6 என்ற எண்ணுள்ள தாளில் அதைக் காணலாம். மகாராஷ்டிர ஜாகீர்தார்களின் ஆட்சி நடந்த ஊர். 1751-ல் கிளைவ் யுத்தம் செய்த ஊர். 2011-ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்குப்படி அறுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அங்கே வசித்தார்கள். ஊரைச் சுற்றி ஏரிப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் கொண்ட நெல்வயல்கள். அந்த நெல்லை அரிசியாக்கும் ஆலைகள். ஊருக்குள்ளும், சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் போன்ற சுற்றுப்புறத்து ஊர்களிலும் பட்டுத் தறிகள். நெல்லும் பட்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இந்த அமைப்பே ஆரணியைப் பூகோள ஆராய்ச்சிக்கு உகந்த க்ஷேத்திரமாக்கியது.

1973-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு குழு இப்பிரதேசத்துக்கு வந்தது. அதன் தலைவர் பி. எச். ஃபார்மர் பூகோள அறிஞர். இலங்கையின் குடியேற்றத் திட்டங்களைப் பற்றி 1957-லேயே சிறந்த நூல் ஒன்று எழுதியவர். ஐ.ஆர்.8, ஐ.ஆர்.20 முதலிய புதிய நெல் ரகங்களால் கிராமங்களில் பெரும் புரட்சி நேர்ந்துவிட்டதென்று உலகமெங்கும் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த காலம் அது. அப்பேச்சில் எவ்வளவு உண்மை என்று தமிழ்நாட்டில் வட ஆர்க்காட்டிலும் இலங்கையில் ஹம்பாந்தோட்டைப் பகுதியிலும் பார்த்துவிடுவதென்று அக்குழு தீர்மானித்தது. வட ஆர்க்காட்டில் பதினொரு கிராமங்கள் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டன. குழுவில் புள்ளிவிவர வல்லுநரான பி. நஞ்சம்மா சின்னப்பா இருந்தார். ஜான் ஹாரிஸ் இருந்தார். ராபர்ட் சேம்பர்ஸ் இருந்தார். கேம்பிரிட்ஜில் பூகோளம் படித்து, பிற்காலத்தில் ஆரணியையே தம் வாழ்நாள் ஆராய்ச்சிப் பொருளாக ஏற்றுக்கொண்ட பார்பரா ஹாரிஸ்-வைட்டும் இருந்தார். 1977-ல் ஃபார்மர் பதிப்பித்து வெளியிட்ட நூலின் பெயர் ‘பசுமைப் புரட்சி?’ என்று ஒரு கேள்விக்குறியோடு இருந்தது. புதிய ரகங்கள் பயிரான நிலத்தின் அளவு, அரசாங்கக் கணக்கு காட்டியதைவிட இந்தக் கிராமங்களில் மிகக் குறைவாக இருந்ததே அக்கேள்விக்குறிக்கு ஒரு காரணம்.

இங்கே மாணவர் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நம் கல்லூரிகளில் எழுதப்படும் அறிக்கைகளில் ஜில்லாப் புள்ளிவிவரக் கையேட்டிலிருந்து அட்டவணைகளை எடுத்து, அவற்றுக்கு வட்டப்படமும் பட்டைப்படமும் வரைந்து, அப்படங்களையே வாக்கியங்களாக மறுபடி சொல்லி முடித்துவிடும் வழக்கம் வேரூன்றியிருக்கிறது. அரசாங்கப் புள்ளிவிவரம் வேண்டாததென்று நான் சொல்லவில்லை. அது இல்லாமல் எந்த ஆராய்ச்சியும் தொடங்க முடியாது. ஆனால் அந்த எண் எங்கே பிறந்தது, எந்த உத்தியோகஸ்தர் எந்தப் பதிவேட்டிலிருந்து எடுத்தார், அவ்வெண் உயர்ந்து காணப்படுவதில் யாருக்கேனும் நலன் உண்டா என்று விசாரியாமல் அதை ஏற்றுக்கொண்ட அறிக்கை, எத்தனை பக்கம் நீண்டாலும், பிறர் கணக்கைப் பிரதி செய்ததாகவே முடியும். பதினொரு கிராமத்துக் கணக்கு ஒரு ஜில்லாவின் கணக்கையே சந்தேகிக்கச் செய்தது என்றால், அது அந்தப் பதினொன்றும் தேர்ந்தெடுக்கப்பட்ட முறை வெளிப்படையாக இருந்தமையால்தான். வசதியான கிராமங்களாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தால் அவ்வாதம் ஒரு நாளும் நிலைத்திராது.

வசதியைத் தேடும் மனத்தின் இயல்பைப் பற்றி மிகத் தெளிவாக எழுதியவர் ராபர்ட் சேம்பர்ஸ். 1983-ல் வெளிவந்து உலகெங்கும் படிக்கப்பட்ட தமது நூலில், கிராமத்தைப் பார்க்கப் போகும் வெளியார் எவ்வெவ்விதங்களில் உண்மையைக் காணாமல் திரும்பிவிடுகிறார்கள் என்று அவர் வகுத்துக் காட்டினார். தார்ச்சாலை போகும் ஊருக்கே போகிறார்கள்; சாலையோரத்து வீடுகளையே பார்க்கிறார்கள்; ஏதாவது திட்டம் நடக்கும் இடத்துக்கே அழைத்துச் செல்லப்படுகிறார்கள்; ஊர்ப் பெரியவர்களோடும் ஆண்களோடும் பேசுகிறார்கள்; மழையில்லாத மாதங்களிலேயே வருகிறார்கள்; சங்கடமான கேள்வியை மரியாதை கருதிக் கேளாமல் விடுகிறார்கள்; தம் படிப்புக்கு உட்பட்டதை மட்டும் காண்கிறார்கள். வட ஆர்க்காட்டில் வேலை செய்த அனுபவம் இந்தச் சிந்தனைக்குப் பெரிதும் உரமாயிற்று. முடிவில்லாத வினாப்பட்டியல்களைத் தயாரித்துக்கொண்டு போய், அவற்றை நிரப்புவதிலேயே மாதக்கணக்காக உழைத்து, சேர்ந்த தாள்களைப் பிரித்துப் பார்க்கவும் அவகாசமின்றித் திணறும் ஆராய்ச்சியாளரின் நிலையையும் அவர் கண்டித்தார். இருபது கேள்விகளைத் திருத்தமாகக் கேட்டு எழுதுவது நூறு கேள்விகளை அரைகுறையாகக் கேட்பதினும் மேலானது என்பதை ஒவ்வொரு மாணவனும் களத்துக்குப் புறப்படுமுன் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பாடத்தை ஆரணிக்குப் பொருத்திப் பார்ப்போம். ஆரணித் தறிகளைப் பற்றிக் கள அறிக்கை எழுத விரும்பும் மாணவன் பெரும்பாலும் கோடை விடுமுறையில், சித்திரை, வைகாசி மாதங்களில்தான் வருவான். முகூர்த்தங்கள் நிறைந்த காலம். சேலைக்குக் கிராக்கி உண்டு. விடியற்காலையில் தெருவில் பாவு விரித்து வேலை செய்வதற்கு வானம் இடையூறு செய்யாது. எந்த வீட்டில் நுழைந்தாலும் தறி ஓடிக்கொண்டிருக்கும். அவன் கண்டதை அப்படியே எழுதினால் ஆரணி ஓயாமல் நெய்துகொண்டிருக்கும் ஊர் என்று முடியும். அதே தெருவுக்கு ஐப்பசி, கார்த்திகை மாத அடைமழையில் வந்தால், பாவு விரிக்கத் தெரு கிடைக்காது. குழித்தறியின் பள்ளத்தில் நீர் ஊறும். ஈரக்காற்றில் இழை சரியாக நில்லாது. வேலை நின்ற நாட்களுக்குக் கூலியும் கிடையாது. ஆடி மாதத்தில் வந்தாலோ கல்யாணமில்லாத மாதத்தின் மந்தத்தைக் காண்பான். ஒரு நெசவாளரின் மாத வருமானம் இவ்வளவு என்று ஒரே ஒரு தொகையை எழுதுகிற அறிக்கை, எந்த மாதத்தின் வருமானம் என்று சொல்லாதவரையில், உண்மையான தொகையைக் கூறியும் பொய்யான சித்திரத்தை உண்டாக்கிவிடும். நெல்லுக்கும் இதே நியாயம்தான்: சொர்ணவாரியில் வந்து கண்ட வயலும், சம்பாவில் கண்ட வயலும், நவரையில் கிணற்று நீர் எட்டிய அளவுக்கு மட்டும் பச்சையாக நிற்கும் வயலும் ஒரே கிராமத்தின் மூன்று வேறு காட்சிகள்.

பருவத்தை ஒரு மாணவன் மாத நாட்காட்டியில் குறித்துக்கொள்ளலாம். ஆண்டையே இயற்கை புரட்டிப் போட்டுவிட்டால் என்ன செய்வது? அதுவும் இந்த ஜில்லாவிலேயே நேர்ந்தது. கேம்பிரிட்ஜ் குழு ஆராய்ந்த அதே பதினொரு கிராமங்களை, சர்வதேச உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பீட்டர் ஹேஸலும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சி. ராமசாமியும் பத்தாண்டுகளுக்குப் பின் மறுபடி ஆராய முற்பட்டார்கள். அவர்கள் களத்தில் இறங்கிய 1982–83 வறட்சி ஆண்டாக அமைந்துவிட்டது. அந்த ஓராண்டுக் கணக்கை மட்டும் 1973–74-ன் கணக்கோடு வைத்து ஒப்பிட்டிருந்தால், பத்தாண்டில் வாழ்வு சீர்கெட்டுவிட்டதென்ற தீர்ப்பே கிட்டியிருக்கும். அது வானத்தின் குற்றமேயன்றிக் காலத்தின் போக்காகாது. எனவே அடுத்த ஆண்டும் தங்கிக் கணக்கெடுத்தார்கள். 1991-ல் வெளிவந்த அவர்கள் நூல், சிறு விவசாயிகளும் நிலமற்ற கூலியாட்களும் புதிய நெல்லால் பயனடைந்தார்கள் என்ற முடிவுக்கு வந்தது. முந்திய ஐயப்பாட்டுக்கு அது எதிரான முடிவு. இதன்மேல் அறிஞர்களிடையே விவாதம் எழுந்தது. விவாதத்தின் ஒரு பகுதி அந்த நூலுக்குள்ளேயே, ஜான் ஹாரிஸ் எழுதிய அத்தியாயத்தில் இடம்பெற்றிருக்கிறது. தாங்கள் நிலைநாட்ட விரும்பிய முடிவை வேறு கோணத்திலிருந்து பார்க்கும் ஒருவருக்குத் தங்கள் நூலிலேயே இடம் தந்ததை நான் மிக உயர்ந்த பண்பாகக் கருதுகிறேன். அன்றியும், இரு சாராரும் ஒரே கிராமங்களைப் பற்றி, ஒருவர் மற்றவருடைய அட்டவணையை எடுத்துவைத்துக்கொண்டு வாதிட முடிந்ததே, அவற்றை முதலில் எழுதியவர்கள் எவ்வளவு ஒழுங்காக எழுதினார்கள் என்பதற்குச் சாட்சி.

பூகோள மாணவன் தன் படிப்புக்காலத்தில் எழுத நேர்வன பொதுவாக மூன்று. வகுப்புக்காக எழுதும் கட்டுரை முதலாவது. அதில் பிறர் நூல்களைப் படித்து ஒரு கேள்விக்கு விடை காண்பதே வேலையாகையால், கேள்வியை விட்டு விலகாதிருத்தலே அதன் முழு ரகசியம். ‘ஆரணியின் நெசவுத் தொழில்’ என்பது கேள்வியாகாது; ‘கச்சாப்பட்டு விளையாத ஆரணியில் பட்டுத்தறி ஏன் நிலைத்தது?’ என்பது கேள்வி. இரண்டாவது, களத்தில் கண்டதைக் கூறும் அறிக்கை. மூன்றாவது ஆய்வுக் கட்டுரை. முன்னோர் கூறியவற்றை மதித்து ஆராய்ந்து, அவற்றில் விடுபட்ட ஓரிடத்தைக் காட்டி, அவ்விடத்தைத் தன் சாட்சியத்தால் நிரப்புவது. இம்மூன்றிலும் கள அறிக்கையே மற்ற இரண்டுக்கும் அடித்தளமாகையால் அதைப் பற்றியே இன்னும் சிறிது விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

அறிக்கையில் எல்லோரும் அவசரமாகக் கடந்துபோகும் பகுதி, ஆராய்ச்சி செய்த முறையைக் கூறும் பகுதி. ‘ஐம்பது நெசவாளர்களிடம் தகவல் சேகரிக்கப்பட்டது’ என்று ஒரு வரியில் அதை முடித்துவிடுகிறார்கள். அந்த ஐம்பது பேர் யார்? கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டவர்களா? அப்படியானால் தனியார் முதலாளிகளுக்குக் கூலிக்கு நெய்பவர்கள் அதில் வந்திருக்க மாட்டார்கள். தறியை விட்டு வேறு வேலைக்குப் போய்விட்ட உறுப்பினர் பெயர் மட்டும் இருந்திருக்கலாம். முதலாளி ஒருவர் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிய வீடுகளா? அங்கே முன்பணக் கடனைப் பற்றிக் கேட்டால் விடை எப்படி வரும்? நண்பனுடைய தெருவில் இருந்த வீடுகளா? அதனாலும் குற்றமில்லை, அப்படியென்று எழுதிவிட்டால். குறையுள்ள முறையால் கிடைத்த உண்மையை, அந்தக் குறையோடு சேர்த்து வாசகரிடம் ஒப்படைத்தால் அவர் அதை எடைபோட்டுக்கொள்வார். மறைத்தால் முழு அறிக்கையும் கெடும். வீட்டில் தறியில் உட்கார்ந்திருப்பவர் ஒருவர், தார் சுற்றுபவர் வேறொருவர், பாவுக்கு இழை பிணைப்பவர் மற்றொருவர். ஆனால் கேள்விக்கு விடை சொல்பவர் பெரும்பாலும் குடும்பத் தலைவர் ஒருவரே. பெண்களின் உழைப்பும் பிள்ளைகளின் உழைப்பும் எத்தனையோ அறிக்கைகளில் ‘உதவி’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கி மறைந்துபோனதற்கு இதுவே காரணம். யாரிடம் கேட்டேன் என்று ஒவ்வொரு தாளிலும் குறித்துக்கொண்டால், யாரிடம் கேட்கவில்லை என்பது மாணவனுக்கே விளங்கிவிடும்.

அளவைகளைக் குறிப்பதிலும் இதே சிரத்தை வேண்டும். நிலத்தை ஒருவர் ஏக்கரில் சொல்வார், ஒருவர் காணியில் சொல்வார். நெல்லை மூட்டையில் சொல்வார்கள், அந்த மூட்டை எத்தனை கிலோ என்பது இடத்துக்கிடம் மாறும். நெசவாளர் கூலியைச் சேலைக்கு இவ்வளவு என்றோ, ஒரு பாவுக்கு இவ்வளவு என்றோ சொல்வார், அந்தப் பாவில் எத்தனை சேலை என்பதைக் கேட்டால்தான் தெரியும். அவர் சொன்ன அளவையை அவர் சொன்னபடியே முதலில் எழுதி, பக்கத்தில் பொது அளவையில் மாற்றி எழுதுவதே சரியான வழி. முன்னதை அழித்துவிட்டுப் பின்னதை மட்டும் வைத்துக்கொண்டால், கணக்கில் நேர்ந்த பிழையைப் பின்னர் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

பூகோள மாணவனுக்கே உரிய சாதனம் படம். ஆரணிப் பட்டின் பூகோளம் ஆரணியின் எல்லைக்குள் அடங்குவதில்லை: பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது, சேலை காஞ்சிபுரத்து வணிகர்களுக்கும் போகிறது, சென்னைக்கும் போகிறது. இந்தப் போக்குவரத்தை ஒரு படத்தில் காட்டிவிட்டால், நாலு பக்கம் எழுதியும் விளங்காதது ஒரே பார்வையில் விளங்கும். அடுத்த படத்தில், எந்தத் தெருவில் சொந்தத் தறி மிகுதி, எந்தத் தெருவில் கூலித் தறி மிகுதி, எந்தக் கிராமத்துக்குத் தறி புதிதாகப் பரவியது என்று காட்டலாம். அளவுகோலும் திசையும் குறியீட்டு விளக்கமும் தேதியும் இல்லாத படம், படம் போட்ட அலங்காரமே. இன்று கைப்பேசியில் கிடைக்கும் செயற்கைக்கோள் படத்தை அப்படியே ஒட்டிவிடுவதும் பெருகிவருகிறது. கூரைகள் தெரியும் அந்தப் படத்தில், கூரையின் கீழ் தறி இருக்கிறதா, இருந்து நின்றுவிட்டதா என்பது தெரியாது. நடந்து பார்த்துத்தான் அதை நிரப்ப வேண்டும்.

பிறர் எழுத்தை எடுத்தாளும் விஷயத்தில் இக்காலத்தில் சட்டமே வந்துவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் வெளியிட்ட ஒழுங்குமுறைப்படி, ஆய்வேட்டில் பிற எழுத்தோடு பத்து சதவிகிதத்துக்கு மேல் ஒப்புமை காணப்பட்டால் அதைத் திருத்தி மறுபடி தர வேண்டும். நாற்பதுக்கு மேற்பட்டால் திருத்திய பிரதியை ஓராண்டுக் காலம் சமர்ப்பிக்க முடியாது. அறுபதுக்கு மேற்பட்டால் பதிவே ரத்தாகும். இதைக் கண்டு அஞ்சிச் சொற்களை மட்டும் மாற்றிப் போட்டுத் தப்பிக்க நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஊரைப் பற்றிய அறிமுக அத்தியாயத்திலேயே இது மிகுதியாக நடக்கிறது: ஒரு பழைய ஆய்வேட்டில் யாரோ எழுதிய மழையளவும் மண்வகையும் அடுத்தடுத்த ஆய்வேடுகளுக்குள் தேதியிழந்து பயணம் செய்கின்றன. ‘சோத்கங்கா’ என்ற இந்திய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் இன்று எவரும் வீட்டிலிருந்தபடி நாடெங்கும் எழுதப்பட்ட ஆய்வேடுகளைத் திறந்து படிக்கலாம். அந்தச் செல்வத்தைப் பிரதி எடுக்கும் பொருட்டுத் திறக்காமல், முன்னவர் நின்ற இடத்தை அறிந்து அதற்கு அப்பால் அடியெடுத்து வைக்கும் பொருட்டுத் திறப்பவனே கற்றவன். முன்னவருடைய எண்ணை எடுத்தால் அவர் பெயரையும் ஆண்டையும் பக்கத்தையும் கூறுவது, திருட்டுக் குற்றத்திலிருந்து தப்புவதற்காக மட்டும் அன்று. அந்த எண்ணைச் சந்தேகிக்கும் உரிமையை வாசகருக்கு வழங்குவதற்காக.

நம் நாட்டில் இத்துறைக்கு மரபு இல்லாமலும் இல்லை. ஆர்தர் காக்ஸ் 1881-ல் தொகுத்த வட ஆர்க்காடு ஜில்லாக் கையேடும், பின்னர் ஸ்டூவர்ட் அதைத் திருத்தி வெளியிட்ட பதிப்பும், ஆட்சியாளர் தேவைக்காக எழுதப்பட்டவையாயினும், பிரதேசத்தை முழுமையாக விவரிப்பது எப்படி என்பதற்கு இன்றும் மாதிரிகள். 1926-ல் என். சுப்பிரமணியம் முயற்சியால் சென்னையில் தோன்றிய பூகோளச் சங்கம், அக்காலத்திலேயே சொந்தமாக ஒரு சஞ்சிகை நடத்தியது; 1941 முதல் அது ‘இந்தியப் பூகோள சஞ்சிகை’ என்ற பெயரில் வெளிவரலாயிற்று. 1961-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்போது பி. கே. நம்பியார் மேற்பார்வையில் சென்னை ராஜ்யத்தின் கிராமங்கள் பலவற்றுக்குத் தனித்தனி நூல்கள் எழுதப்பட்டன. இவையெல்லாம் ஆங்கிலத்தில் உள்ளன. ஆரணியைப் பற்றி நான்கு பத்தாண்டுகளாகச் சேர்ந்த ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்பரா ஹாரிஸ்-வைட் பதிப்பித்து 2016-ல் வெளியிட்ட பெருநூலும் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. அரிசி, பட்டு, தங்கம் என்று அவ்வூர் வியாபாரத்தின் மாறுதல்களையும், எழுத்தில் பதியாத தொழில்களின் போக்கையும் ஆக்ஸ்ஃபோர்டில் இருப்பவர் படித்தறியலாம். ஆரணிக் கடைத்தெருவில் நிற்பவர் அறிய வழியில்லை. இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் நிலை. கேள்விகளுக்கு விடை சொல்லி, நேரத்தைக் கொடுத்து, மோர் கொடுத்து உட்காரவைத்துப் பேசியவர்களுடைய மொழியில் அந்த விடைகளின் பயன் ஒரு சிறு பிரசுரமாகவேனும் வந்திருக்க வேண்டும்.

அந்தக் குறையை ஆரணியிலேயே பிறந்து, வெளியூர்க் கல்லூரியில் பூகோளம் படிக்கும் மாணவரும் மாணவியரும் நீக்க முடியும். ஸ்லேட்டர் எதிர்பார்த்ததும் ஊர்க்காரர் தம் ஊரை எழுதுவதையே. அவர்களுக்குப் பாவும் ஊடையும் புதிய சொற்களல்ல. எந்தத் தெருவில் எந்நேரம் போனால் பேச ஆள் கிடைக்கும் என்பதும் தெரியும். வீட்டுப் பெண்களோடு பேசும் சுதந்திரமும் உண்டு. பழக்கமான ஊரில் எல்லாம் தெரிந்தவைபோல் தோன்றிக் கேள்வியே எழாமல் போகும் அபாயம் ஒன்றுதான் அவர்களுக்குள்ள தடை. அதை வெல்லக் கேள்விகளா இல்லை? விசைத்தறி வந்தபின் எந்தச் சேலை ரகம் கைத்தறியில் தங்கியது, எது போயிற்று? தறியை விட்ட இளைஞர்கள் எங்கே வேலைக்குப் போகிறார்கள்? நாள்தோறும் போய்த் திரும்புகிறார்களா, குடிபெயர்ந்துவிட்டார்களா? புவிசார் குறியீடு ஆரணிப் பட்டுக்குக் கிடைத்தபின் கூலியில் ஏதும் மாற்றம் உண்டா? சாயப்பட்டறை நீர் எந்த வழியாக ஓடி எந்தக் கிணற்றை அடைகிறது? ஏரிகளின் ஆயக்கட்டில் எவ்வளவு இன்னும் ஏரிநீரால் பாய்கிறது, எவ்வளவு கிணற்றுக்கு மாறியது? இவற்றுள் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒரு தெருவுக்கோ ஒரு கிராமத்துக்கோ வரம்பு கட்டிக்கொண்டு எழுதினால் ஒரு மாணவனின் ஆண்டு வீணாகாது.

எழுதி முடித்த அறிக்கையின் ஒரு படி கல்லூரி அலமாரிக்குப் போகும். இன்னொரு படியை ஆரணி நூலகத்தில் கொடுத்துவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதில் விடை சொன்னவர்களின் பெயர்கள் இருக்கலாகாது. கடனையும் கூலியையும் நம்பிச் சொன்னவர்கள் அவர்கள். ஆனால் கேட்ட கேள்விகளின் வெற்றுத்தாள், சென்ற தெருக்களின் பட்டியல், வீடுகளைத் தேர்ந்த முறை, ஒவ்வொரு நாளின் தேதி, அந்நாளில் மழை பெய்ததா என்ற குறிப்பு ஆகியவை பின்னிணைப்பாக அவசியம் இருக்க வேண்டும்.